24 கெல்வினைத் தாண்டிய அரை நிமிடம்: ஒரு கரிமக் கடத்திப் படிகம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். என்னிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்த மாணவி ஒருவரின் படிகங்களுக்கு நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். சிறிய கல்லூரியில் இருந்துகொண்டு, வெளியூர் ஆய்வகத்தில் இரண்டு நாள் நேரம் வாங்கி அளவெடுக்கிற யாருக்கும் இதே தவறு நேரலாம். எங்களுக்கு இதனால் ஐந்து மாதம் போனது.

கரிமப் பொருள் மின்சாரத்தைக் கடத்தாது என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். மெழுகு, சர்க்கரை, பிளாஸ்டிக் எல்லாம் அப்படித்தான். 1973-ல் டிடிஎஃப்-டிசிஎன்க்யூ என்ற கரிம உப்பு உலோகம் போலவே கடத்துவதைக் கண்டார்கள். ஆனால் சுமார் 54 கெல்வினுக்கு (மைனஸ் 219 டிகிரி செல்சியஸ்) கீழே போனதும் அதன் கடத்தும் குணம் போய்விட்டது. பிறகு டென்மார்க்கில் கிளாஸ் பெக்கார்ட் உருவாக்கிய, டிஎம்டிஎஸ்எஃப் என்ற கரிம மூலக்கூறின் உப்புகள் வந்தன. அவற்றில் ஒன்று சுமார் 12,000 வளிமண்டல அழுத்தத்தில், 0.9 கெல்வினில் மீக்கடத்தியாவதை (தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துவதை) பிரான்சில் டெனி ஜெரோம் குழுவினர் 1980-ல் வெளியிட்டார்கள். முதல் கரிம மீக்கடத்தி அதுதான். 1981-ல் அதே குடும்பத்தின் பெர்குளோரேட் உப்பு, அழுத்தமே தேவையில்லாமல் சுமார் 1.2 கெல்வினில் மீக்கடத்தியானது. எங்கள் கதை இந்த பெர்குளோரேட்டைப் பற்றியது.

இதன் உள்ளமைப்பைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தட்டையான டிஎம்டிஎஸ்எஃப் மூலக்கூறுகள் அப்பளக் கட்டு போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன. எலக்ட்ரான் அந்த அடுக்கின் வழியே எளிதாக ஓடும். பக்கத்து அடுக்குக்குத் தாவுவது ஏறத்தாழ பத்து மடங்கு கடினம். மூன்றாவது திசையில் அதைவிடவும் மிகக் கடினம். தாமிரபரணிப் பாசன வயலைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: தண்ணீர் வாய்க்கால் வழியே ஓடும், வரப்பைத் தாண்டிக் கொஞ்சம் கசியும்.

வலுவான காந்தப்புலம் செய்வது அந்த வரப்பை உயர்த்துகிற வேலை. அடுக்கின் வழியே ஓடும் எலக்ட்ரானைப் புலம் பக்கவாட்டில் வளைக்கிறது. எலக்ட்ரான் இப்படியும் அப்படியும் ஊசலாடிக்கொண்டே முன்னேறுகிறது. புலம் கூடக் கூட அந்த ஊசலின் அகலம் குறையும். கடைசியில் எலக்ட்ரான் ஏறக்குறைய தன் ஒரே அடுக்குக்குள் அடங்கிவிடுகிறது. ஒற்றைப் பரிமாணத்தில் அடைபட்ட எலக்ட்ரான்களுக்கு உலோகமாக நிலைத்திருப்பது கடினம். எலக்ட்ரான்களின் தற்சுழற்சி அலை போல ஏறி இறங்குகிற, தற்சுழற்சி அடர்த்தி அலை என்ற ஒழுங்குக்குள் போய்விடும். காந்தப்புலம் உலோகத்தை வேறொரு நிலைக்குத் தள்ளுகிறது, அதுவும் ஒரே தாவலில் இல்லாமல் படிப்படியாக. ஒவ்வொரு படியிலும் புலத்துக்குப் பொருந்துகிற அலைநீளம் மாறுகிறது, ஹால் மின்தடையும் (மின்னோட்டத்துக்குக் குறுக்கே அளப்பது) அதற்கேற்ப மாறுகிறது. இந்த விளக்கத்தின் அடிப்படையை 1984-ல் கோர்கோவ், லெபெத் என்ற இயற்பியலாளர்கள் கொடுத்தார்கள். மாணவி அளக்க விரும்பியது இந்தப் படிகளைத்தான்.

'வலுவான' என்றால் எவ்வளவு? திருநெல்வேலியை ஒட்டிய கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்தத்தை அளக்கும் ஆய்வுக்கூடம் இருக்கிறது; காந்த நடுக்கோடு நம் பக்கமாகப் போவதால்தான் அதை இங்கே வைத்தார்கள். நம் ஊரில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. நாங்கள் போன ஆய்வகத்தின் காந்தம் 14 டெஸ்லா, அதாவது மூன்றரை லட்சம் மடங்கு.

படிகம் வளர்ந்த கதை

இந்தப் படிகங்களை மின்வேதி முறையில் வளர்க்க வேண்டும். இரண்டு கைகள் உள்ள கண்ணாடிக் கலம், இரண்டு பிளாட்டினக் கம்பிகள், ஒரு மைக்ரோ ஆம்பியர் அளவில் மாறாத மின்னோட்டம். சில வாரங்கள் கலத்தை அசைக்காமல், வெப்பம் மாறாமல் வைத்திருந்தால் கம்பி நுனியில் கறுப்பு ஊசிகள் முளைக்கும். மூலப்பொருள் விலை மிக அதிகம். ஒரு கலம் வீணானால் மறு தவணைப் பணம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

எங்கள் கலம் ஐப்பசி அடைமழையில் ஓடியது. மாதாந்திரப் பராமரிப்பு மின்வெட்டு ஒருநாள் முழுக்க இருந்தது; இன்வெர்ட்டர் மாலைக்குள் தீர்ந்து, சுமார் இரண்டு மணி நேரம் மின்னோட்டம் நின்றது. மாணவி அதைக் குறிப்பேட்டில் நேரத்தோடு எழுதி வைத்திருந்தார். இந்தக் குறிப்பு பின்னால் எங்களைத் தவறான பக்கம் இழுத்தது.

ஆறு நல்ல ஊசிகள் கிடைத்தன, பெரியது 3 மில்லிமீட்டர் நீளம். அதன்மேல் 25 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள ஆறு தங்கக் கம்பிகளைக் கார்பன் பசையால் ஒட்ட வேண்டும். மாணவி முக்கூடல் பக்கத்துப் பெண், அம்மா பீடி சுற்றுகிறவர், அவரும் பள்ளி நாட்களில் நூல் கட்டிக் கொடுத்தவர். நுண்ணோக்கியின் கீழ் அந்த விரல்கள் செய்த வேலையை நான் பத்து ஆண்டுகளில் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. இதைச் சொல்லக் காரணம் உண்டு. பிறகு நான் சந்தேகப்பட்டது இந்த வேலையைத்தான்.

ஊரை விட்டுக் கிளம்புமுன் ஒரே ஒரு குளிர்ச் சோதனை எங்களால் செய்ய முடியும், திரவ நைட்ரஜனில். மாட்டுச் சினை ஊசிக் குப்பிகளை வைக்கிற கலனுக்கு நைட்ரஜன் கொண்டுவருபவரிடம் சொல்லி வைத்தால் எங்களுக்கும் சில லிட்டர் தருவார். அதில் 77 கெல்வின் வரை போகலாம். மின்தடை ஒழுங்காகக் குறைந்தது, தாவல் எதுவும் இல்லை, ஆறு இணைப்புகளும் நின்றன. சரி, படிகம் தயார் என்று முடிவு செய்தோம்.

முதல் பயணம்: கவனித்தவை

ஆய்வகம் வேறு மாநிலத்தில் இருந்தது. கிடைத்தது இரண்டு நாள். இந்த ஊசிகள் குளிரும்போது விரிசல் விடும் என்பது எங்களுக்குத் தெரியும், அதனால் அறை வெப்பநிலையிலிருந்து 100 கெல்வின் வரை நிமிடத்துக்கு அரை கெல்வின் என்று மெதுவாக இறக்கினோம். அதற்கே கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் ஆனது. அதன்பிறகு 40 வரை கொஞ்சம் வேகமாக. மின்தடைக் கோடு எங்கும் தாவவில்லை.

40 கெல்வினை அடைந்தபோது இரவு பத்து மணி தாண்டிவிட்டது. திரவ ஹீலியம் குறைந்துகொண்டிருந்தது. கருவியை இயக்கியவர், விரிசல் ஆபத்து இனி இல்லை, குளிரை மாதிரிக்குக் கடத்துகிற பரிமாற்ற வாயுவை விட்டால் உடனே 4.2-க்குப் போய்விடலாம் என்றார். அவரிடம் வருகிற மாதிரிகளில் பெரும்பாலானவை உலோகக் கலவைகள். அவற்றுக்கு அது முழுக்கச் சரியான யோசனை. நானும் தலையாட்டினேன். அரை நிமிடத்தில் 4.2 கெல்வின் வந்தது.

அப்புறம் கண்டது இதுதான். 0.5 கெல்வின் வரை போயும் மீக்கடத்தல் இல்லை. திரும்பச் சூடாக்கி அளந்தபோது, சுமார் 6 கெல்வினுக்குக் கீழே மின்தடை குறைவதற்குப் பதில் செங்குத்தாக ஏறியிருந்தது தெரிந்தது. 14 டெஸ்லா வரை ஒருமுறை புலத்தை ஏற்றினோம். எதிர்பார்த்த படிகளில் ஒன்றைக்கூடக் காணவில்லை. மறுநாள் இரண்டாவது ஊசியையும் அதே வரிசையில், அதே வேகத்தில் குளிர்வித்தோம்; முடிவும் அதேதான் வந்தது.

இரண்டு ஊசிகளும் ஒரே மாதிரி நடந்துகொண்டதை நான் 'இந்தக் கலத்துப் படிகமே கெட்டது' என்று படித்தேன். இரண்டுக்கும் பொதுவாக இருந்தது கலம் மட்டுமல்ல, குளிர்வித்த முறையும்தான் என்பது எனக்குத் தோன்றவில்லை.

எடுத்த முடிவும் காரணமும்

ஊர் திரும்பியதும் மூன்று சந்தேகங்களைப் பேசினோம். முதலாவது, மின்னோட்டம் நின்ற இரண்டு மணி நேரத்தில் படிகத்தில் மாசு சேர்ந்திருக்கலாம். இரண்டாவது, கார்பன் பசை இணைப்பு தாழ்வெப்பத்தில் கெட்டிருக்கலாம். மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத விரிசல்.

நான் முதலிரண்டையும் பிடித்துக்கொண்டேன். குறிப்பேட்டில் மின்வெட்டு நேரம் எழுதியிருந்ததால் அது கண்ணில் பட்டது. எழுதாமல் விட்ட குளிர்வேகம் கண்ணில் படவில்லை. புதுக் கலம் போடுவது, இணைப்பு ஒட்டுவதை முதலிலிருந்து பயில்வது, பழைய ஊசிகளை ஒதுக்குவது என்று முடிவு செய்தேன். மாணவி மூன்று வாரம் செம்புத் துண்டுகளின் மேல் கம்பி ஒட்டி ஒட்டிக் காட்டினார். அத்தனையும் நன்றாகவே இருந்தன. அந்த மூன்று வாரம் அவருக்கு எப்படிக் கழிந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது. தவறில்லாத ஒருவரைத் தன் கையையே நம்ப முடியாமல் செய்தேன்.

ஒன்றில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய ஊசிகளைத் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லி, அளந்த இரண்டையும் இணைப்போடு ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். அன்று அதை வீண் பிடிவாதம் என்றே நினைத்தேன்.

மூன்று புள்ளிகள்

ஆண்டறிக்கைக்காக மாணவி பழைய தரவை மறுபடி வரைந்தார். அதுவரை நாங்கள் மின்தடையை வெப்பநிலைக்கு எதிராகத்தான் வரைந்து பார்த்திருந்தோம். இந்த முறை அவர் வெப்பநிலையை நேரத்துக்கு எதிராக வரைந்திருந்தார். கருவி பத்து நொடிக்கு ஒருமுறை பதிவு செய்யும். ஏழு மணி நேரச் சரிவுக்குப் பிறகு கோடு கிணற்றில் விழுந்தது போல இறங்கியது.

"சார், 40-க்கும் 4-க்கும் நடுவுல மூணு புள்ளிதான் இருக்கு. 31, 17, 7. இருவத்திநாலு கிட்ட ஒண்ணுமே இல்ல" என்றார்.

24 என்ற எண்ணை அவர் சொன்னதும் எனக்கு உறைத்தது. பெர்குளோரேட் அயனி நான்முகி வடிவம். படிகத்தில் அது உட்கார்ந்திருக்கும் இடம் சமச்சீரானது, அயனி அப்படி இல்லை. அதனால் அது இரண்டு நிலைகளில் எப்படி வேண்டுமானாலும் திரும்பி நிற்கலாம். 24 கெல்வினுக்கு மேலே அயனிகள் இரண்டு நிலைகளிலும் தாறுமாறாகக் கிடக்கும். 24-ல், நேரம் கொடுத்தால், ஒரு வரிசை இப்படி, அடுத்த வரிசை அப்படி என்று மாறி மாறி ஒழுங்காகிக்கொள்ளும். நேரம் கொடுக்காமல் குளிர்வித்தால் அந்தத் தாறுமாறு அப்படியே உறைந்துபோகும். ஒழுங்கான படிகம் 1.2 கெல்வினில் மீக்கடத்தி. தாறுமாறாக உறைந்த படிகம் சுமார் 6 கெல்வினிலேயே தற்சுழற்சி அடர்த்தி அலைக்குள் போய்க் கடத்தும் குணத்தை இழக்கும். இரண்டும் ஒரே பொருள், ஒரே ஊசி.

இது 1980-களிலிருந்தே இந்தத் துறையில் தெரிந்த செய்தி. அவர் படித்த கட்டுரைகளில் இருந்தது. நான் வகுப்பில் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் இரவு பத்து மணிக்கு வாயுக் குழாயின் முன் நின்றபோது என் தலையில் இருந்தது விரிசல் மட்டும்தான். விரிசலுக்கு அஞ்ச வேண்டிய இடம் மேலே, 100 கெல்வினுக்கு அந்தப் பக்கம் என்று எண்ணியிருந்தேன்; அதைத் தாண்டியதும் எல்லா ஆபத்தும் முடிந்ததாக நினைத்துவிட்டேன்.

எங்கள் நைட்ரஜன் சோதனை ஏன் உதவவில்லை என்பதும் இப்போது தெளிவானது. 77-ல் நின்று பார்த்தால் 24-ல் நடப்பது தெரியாது. 24-க்குக் கீழே போகிற குளிர்ச்சி எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது: மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களுக்கான திரவ ஹைட்ரஜன் 20 கெல்வின். மலை எங்கள் மொட்டை மாடியிலிருந்து தெரியும். ஆனால் அது வேறு வேலைக்கானது, எங்களுக்கு வெளியூர் ஹீலியம்தான் வழி.

இரண்டாவது பயணம்

மறுபடி நேரம் கிடைக்க வைகாசி ஆகிவிட்டது. இந்த முறை மூன்று நாள் கேட்டு வாங்கினோம். ஏன் மூன்று நாள் என்று விண்ணப்பத்தில் ஒரு பத்தி எழுதினோம், மறுப்பே வரவில்லை. முதல் தடவையே கேட்டிருக்கலாம்.

எந்தப் படிகத்தை எடுத்துப் போவது என்பதில் ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. புதுக் கலத்தில் அழகான ஊசிகள் வளர்ந்திருந்தன. அவற்றை மெதுவாகக் குளிர்வித்து நல்ல முடிவு வந்தால் எங்களுக்குப் போதும்தான். ஆனால் மாற்றம் புதுப் படிகத்தாலா, குளிர்வேகத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். அதனால் மாணவி பூட்டி வைத்திருந்த பழைய ஊசியையே, பழைய இணைப்புகளோடு முதலில் வைத்தோம். கெட்டது என்று நான் ஒதுக்கிய அதே ஊசி.

100 வரை முன்பு போலவே. பிறகு 30 கெல்வினிலிருந்து 20 வரை நிமிடத்துக்கு 0.05 கெல்வின். அந்தப் பத்து கெல்வினுக்கு மட்டும் மூன்று மணி இருபது நிமிடம். 24-ஐத் தாண்டும்போது மின்தடைக் கோட்டில் மெல்லிய மடிப்பு ஒன்று விழுந்தது, அதன்பின் சரிவு இன்னும் வேகமானது. முதல் பயணத் தரவில் இந்த மடிப்பு இருக்கவே வாய்ப்பில்லை, அங்கே புள்ளியே கிடையாதே. 6 கெல்வினில் எதுவும் ஏறவில்லை. 1.2-க்கு அருகில் மின்தடை சட்டென்று விழுந்தது. அந்த நேரத்தில் மாணவி ஒன்றும் பேசவில்லை, குறிப்பேட்டில் நேரத்தை எழுதினார்.

பிறகு 0.5 கெல்வினில் புலத்தை ஏற்றினோம். அடுக்குகளுக்குக் குறுக்கே வைத்த புலம் என்பதால் மீக்கடத்தல் ஆரம்பத்திலேயே போய்விட்டது. அதன்பின் சாதாரண உலோகம். 4 டெஸ்லாவை ஒட்டி முதல் தாவல், பிறகு 8 டெஸ்லாவுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படிகள். புலத்தை இறக்கும்போதும் அவை வந்தன, கொஞ்சம் விலகிய இடங்களில்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் மாணவியின் யோசனைப்படி அதே ஊசியை 40 கெல்வினுக்குச் சூடாக்கி, முதல் பயணத்தில் செய்தது போலவே வாயுவை விட்டு அரை நிமிடத்தில் இறக்கினோம். 6 கெல்வின் ஏற்றம் அப்படியே திரும்பி வந்தது, மீக்கடத்தல் போனது. மறுபடி 40, மறுபடி மெதுவாக. மீக்கடத்தல் வந்தது, படிகளும் வந்தன. அறை வெப்பநிலை வரை கொண்டுபோகாமல் 40-ஓடு நிறுத்தியது விரிசலுக்குப் பயந்து. அப்படியிருந்தும் மூன்றாவது சுற்றில் ஹால் அளவுக்கான இணைப்புகளில் ஒன்று விட்டுவிட்டது. எனவே ஹால் மின்தடைப் படிகள் முதல் மெதுச் சுற்றில் ஒருமுறை மட்டுமே எங்களிடம் பதிவாகியிருக்கின்றன.

பிறகு நடந்தது

மின்வெட்டுக் காலத்துக் கலத்துப் படிகத்தில் குறை ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் மிச்ச நேரத்தில் புதுக் கலத்து ஊசி ஒன்றை மெதுவாகக் குளிர்வித்து அளந்தோம். படிகள் அதே புலங்களில்தான் வந்தன. புதுக் கலத்துக்குச் செலவான மூலப்பொருளும் மாதங்களும் என் தவறான முடிவின் விலை.

மாணவியின் ஆய்வேட்டில் இது ஒரு அத்தியாயமாகப் போயிருக்கிறது. முதல் பயணத் தரவையும் அதில் சேர்க்கச் சொன்னேன். அது வேகமாகக் குளிர்வித்த நிலையின் சரியான அளவு. மாணவியும் படிகமும் இணைப்பும் அன்றும் சரியாகவே இருந்தார்கள். துறையின் மற்ற மாணவர்கள் முன்னிலையில் அவரிடம் இதைச் சொன்னேன். அவருடைய கையைச் சந்தேகப்பட்டதும் அவர்கள் முன்னிலையில்தான்.

மாற்றிக்கொண்டவை

இப்போது ஒவ்வொரு படிகத்தோடும் ஒரு தாள் போகிறது. அதன் முதல் வரியில், எந்த வெப்பநிலையில் மெதுவாகப் போக வேண்டும், ஏன் என்று எழுதியிருக்கும். ஆய்வகத்தில் கருவியை இயக்குபவரிடம் குளிர்விப்பதற்கு முன்பே அதைக் கொடுத்துப் பேசிவிடுகிறோம். அவர் எங்கள் பொருளைப் பற்றி அறிந்திருக்க வேண்டியதில்லை, சொல்ல வேண்டியது எங்கள் பொறுப்பு.

குறிப்பேட்டில் குளிர்வேகத்துக்குத் தனிப் பத்தி உண்டு. வெப்பநிலைக்கு எதிரான வரைபடத்தைப் பார்க்குமுன் நேரத்துக்கு எதிரானதைப் பார்க்கிறோம். ஒரு கலத்தில் கிடைத்த எதையும், மாறுபட்ட குளிர்வேகத்தில் இரண்டு முறை அளக்காமல் 'கெட்டது' என்று ஒதுக்குவதில்லை.

நைட்ரஜன் சோதனையையும் திருத்த வேண்டியிருந்தது. அடுத்த மாணவர் எடுத்திருப்பது பிஇடிடி-டிடிஎஃப் என்ற வேறொரு கரிம மூலக்கூறின் குடும்பத்தில், செம்பும் டைசயனமைடும் புரோமைடும் சேர்ந்த காப்பா வகை உப்பு. சுமார் 11.6 கெல்வினில் மீக்கடத்தியாகும். அதில் மூலக்கூறின் ஓரத்திலுள்ள எத்திலீன் முனைகள் சுமார் 80 கெல்வினில் உறைகின்றன. அந்த இடத்தை வேகமாகத் தாண்டினால் மீக்கடத்தல் பாதிக்கப்படும். அதாவது ஊசியை நைட்ரஜனில் முக்கி எடுக்கிற எங்கள் பழைய பழக்கம், அந்தப் படிகத்தைப் பொறுத்தவரை அரை நிமிட வாயுவைப் போன்றதே. கலனுக்குள் ஊசியை நூலில் கட்டி, நைட்ரஜன் மட்டத்துக்கு மேலே சிறிது சிறிதாக இறக்குகிற ஒரு கைச்சக்கரத்தை அந்த மாணவர் செய்திருக்கிறார். இறங்க நான்கு மணி நேரம் ஆகும்.

ஹால் அளவை மறுபடி எடுக்க அடுத்த விண்ணப்பம் போட்டிருக்கிறோம். இந்த முறை நான்கு நாள் கேட்டிருக்கிறோம். பழைய கலத்து ஊசிகள் மூன்று இன்னும் பெட்டியில் இருக்கின்றன, சாவி அந்த மாணவியிடம்தான்.